தராசுக்கு முத்திரை உண்டு, கேஜுக்கு?

நம் வணிகர்களுக்குத் தராசைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. தட்டு காலியாக இருக்கும்போது பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே முதல் வியாபாரத்தைத் தொடங்குகிறோம். எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒரு முறையும், எடைக்கற்களுக்கு 24 மாதத்துக்கு ஒரு முறையும் மறுமுத்திரை போட்டுக் கொள்கிறோம்.

அதே கடையில் இன்னொரு அளவுக் கருவியும் இருக்கிறது. காற்று அடிக்கும் கம்ப்ரஸரின் மேல், சுவரில் மாட்டிய தீயணைப்பான் கழுத்தில், குளிர்பதனக் கிடங்கின் குழாயில் அது உட்கார்ந்திருக்கிறது. புத்தகத்தில் அழுத்தமானி என்பார்கள். கடைத்தெருவில் கேஜ் அல்லது பிரஷர் மீட்டர். வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் சோதித்திருக்க மாட்டோம். தராசு தவறினால் நஷ்டம் பணத்தோடு போகும். கேஜ் தவறினால் போவது கையும் கண்ணும், சில சமயம் உயிருமாக இருக்கலாம். ஆகவே கேஜ் எப்படி வேலை செய்கிறது, எப்போது மாற்ற வேண்டும், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம். ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அன்பர்கள் இதைக் கூடுதல் கவனத்துடன் படிக்க வேண்டும். கேஜை வாங்குபவர்கள் மட்டுமல்ல, விற்பவர்களும் நாமே.

உள்ளே என்ன இருக்கிறது?

திருவிழாக் கடையில் விற்கும் காகிதச் சுருள் ஊதியை நினைத்துக் கொள்ளுங்கள். ஊதினால் சுருள் விரியும். ஊதுவதை நிறுத்தினால் பழையபடி சுருண்டு கொள்ளும். கேஜுக்குள் இருப்பதும் ஏறக்குறைய அதுதான். வில்லாக வளைத்த, தட்டையான பித்தளைக் குழாய் ஒன்று இருக்கும். அதன் ஒரு முனை மூடியது. மறு முனை வழியாகக் காற்று நுழையும். அழுத்தம் ஏற ஏறக் குழாய் நிமிரப் பார்க்கும். மூடிய முனை நகரும் சில மில்லிமீட்டரைப் பற்சக்கரங்கள் பெரிதாக்கி முள்ளைச் சுழற்றும். இந்த அமைப்புக்கு 1849-ல் பிரான்சில் காப்புரிமை பெற்றவர் யூஜின் பௌர்டான். இன்றும் அவர் பெயராலேயே பௌர்டான் கேஜ் என்கிறோம்.

இதிலிருந்து ஒரு விஷயம் புரியும். கேஜின் உயிர் அந்தக் குழாயின் சுருங்கும் குணத்தில் இருக்கிறது. ஒரு முறை அளவுக்கு மீறி விரிந்துவிட்டால் அது பழைய நிலைக்குத் திரும்பாது. பிறகு அந்த கேஜ் சொல்வதெல்லாம் பொய்க் கணக்கு.

மூன்று அளவுகள்

நம் ஊரில் காற்றைப் பவுண்டில் கேட்கிறோம். கம்ப்ரஸரைக் கிலோவில் சொல்கிறோம். வெளிநாட்டுச் சாமான்களில் பார் என்று போட்டிருக்கும். கிலோ என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. பவுண்டு என்பது சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு. 1 கிலோ என்றால் சுமார் 14.2 பவுண்டு. 1 பார் என்றால் சுமார் 14.5 பவுண்டு. கிலோவும் பாரும் கிட்டத்தட்ட ஒன்றே என்று கடைக் கணக்குக்கு வைத்துக் கொள்ளலாம். ஆனால் பவுண்டையும் பாரையும் குழப்பினால் 14 மடங்கு தப்பு நேரும்.

மாற்ற வேண்டிய நேரம்

கீழ்க்கண்டவற்றில் ஒன்று தென்பட்டாலும் கேஜை நம்பக்கூடாது.

1. காற்று முழுவதும் இறங்கிய பிறகும் முள் பூஜ்யத்துக்கு வராதது.
2. கம்ப்ரஸர் ஓடும்போது முள் ஏறாமல் நின்று, தட்டினால் குதிப்பது.
3. கண்ணாடி உடைந்தோ உள்ளே ஈரம் படிந்தோ இருப்பது.
4. வேறொரு நல்ல கேஜோடு ஒப்பிட்டால் இரண்டும் வேறுவேறு சொல்வது.

முதல் அடையாளத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. பல கேஜ்களில் பூஜ்யத்தின் அருகே சிறிய தடுப்பு ஊசி வைத்திருப்பார்கள். முள் அதன்மேல் வந்து சாய்ந்து நிற்கும். உண்மையில் அது பூஜ்யத்துக்கும் கீழே போகத் துடித்துக் கொண்டிருக்கலாம். பார்ப்பவருக்குப் பூஜ்யம் போலவே தெரியும். ஆகவே பூஜ்யம் காட்டுவதாலேயே கேஜ் சரி என்று சொல்ல முடியாது. நடு அளவில் இன்னொரு கேஜோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே சரியான சோதனை.

எதை வாங்குவது?

50 கிலோ மூட்டையை 50 கிலோவே கொள்ளும் தராசில் தினமும் போட்டால் தராசு சீக்கிரம் கெடும். 100 கிராம் ஏலக்காயை மூட்டைத் தராசில் நிறுத்தால் கணக்கு உதைக்கும். கேஜுக்கும் இதே நியாயம்தான். நாம் அன்றாடம் பயன்படுத்தும் அழுத்தம் கேஜின் நடுப்பகுதியில் வர வேண்டும். ஏறி இறங்கும் அழுத்தமானால் முழு அளவில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 8 முதல் 10 கிலோ வரை ஏறும் கம்ப்ரஸருக்கு 16 கிலோ கேஜ் பொருந்தும்.

பெரிய எண் போட்ட கேஜை வாங்கினால் தரம் உயர்ந்ததாகச் சிலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். முகப்பில் 1.6 என்று வகுப்பு எண் போட்டிருந்தால், முழு அளவில் நூற்றுக்கு 1.6 பங்கு வரை பிழை இருக்கலாம் என்று அர்த்தம். 16 கிலோ கேஜில் அது கால் கிலோ, அதாவது சுமார் 3½ பவுண்டு. 10 கிலோ டேங்குக்கு இது ஒன்றுமில்லை. ஆனால் அதே கேஜைப் பார்த்துக் காருக்கு 30 பவுண்டு காற்று அடித்தால், டயரில் உண்மையில் 26½ இருக்கலாம், 33½-ம் இருக்கலாம். டேங்குக்கு ஒரு கேஜ், டயருக்குத் தனியாகச் சிறிய அளவு கேஜ் என்று வைத்துக் கொள்வதே உண்மையான முன்னேற்றம்.

கம்ப்ரஸர் அதிர்வில் முள் ஆடிக் கொண்டே இருந்தால் கிளிசரின் நிரப்பிய கேஜ் வாங்கலாம். முள் நிதானமாக நிற்கும்; பற்சக்கரமும் தேயாது. டிஜிட்டல் கேஜ் படிக்கச் சுலபம். ஆனால் புள்ளிக்குப் பின் இரண்டு எண் காட்டுவதால் மட்டும் அது துல்லியமாகிவிடாது. அதற்கும் வகுப்பு எண் பார்க்க வேண்டும். பேட்டரியும் பார்க்க வேண்டும். கேஜ்களுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 3624. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

எந்தப் பொருளுக்கு என்பதையும் சொல்லி வாங்க வேண்டும். அமோனியா செம்பையும் பித்தளையையும் தின்றுவிடும். எனவே அமோனியா ஓடும் குளிர்பதனக் கிடங்குகளில் எஃகுக் குழாய் கேஜ்தான் போட வேண்டும். வெல்டிங் ஆக்ஸிஜனுக்கு எண்ணெய் படாத, அதற்கென்றே விற்கப்படும் கேஜ் வேண்டும். எண்ணெய்ப் பசை உள்ள இடத்தில் அழுத்த ஆக்ஸிஜன் பட்டால் தானாகத் தீப்பற்றும். கிருஷ்ணகிரி வட்டார மாம்பழக் கூழ் ஆலைகளில் நீராவிக் குழாயின் கேஜுக்குக் கீழே வளையம் போலக் குழாய் வளைந்திருப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அந்த வளையத்தில் தண்ணீர் தங்கி, சுடுநீராவி நேராக கேஜில் மோதாமல் காக்கிறது. கேஜ் மாற்றும்போது அந்த வளையத்தை வேண்டாததென்று கழற்றி வைத்துவிடக் கூடாது.

கம்ப்ரஸர் கேஜை மாற்றும் முறை

1. மோட்டாரை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஆட்டோமேட்டிக் சுவிட்ச் இடையில் ஓட வைத்துவிடும்.
2. டேங்கின் அடியிலுள்ள டிரெயின் வால்வைத் திறந்து காற்று முழுவதையும் இறக்குங்கள். முள்ளைப் பார்த்துக் காற்று போய்விட்டது என்று முடிவு செய்யாதீர்கள். கெட்டுப்போன கேஜ் என்றுதானே அதை மாற்றுகிறோம்! சீறும் சத்தம் நின்ற பிறகும் வால்வு திறந்தே இருக்கட்டும்.
3. இரண்டு ஸ்பேனர் எடுங்கள். ஒன்று குழாயைப் பிடிக்க, மற்றது கேஜின் கழுத்திலுள்ள சதுரத்தில். வட்ட முகத்தைக் கையால் பிடித்துத் திருகினால் உள்ளே குழாய் முறுக்கிக் கொள்ளும்.
4. பழைய டேப்பைச் சுத்தமாக எடுத்துவிட்டு, முதல் மரையை விட்டு இரண்டு மூன்று சுற்று டெஃப்லான் டேப் சுற்றுங்கள். வாஷர் வைத்து இறுக்கும் வகையானால் டேப் வேண்டாம்.
5. இறுக்கிய பின் வால்வை மூடி, காற்றை மெதுவாக ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பாருங்கள்.
6. வேறொரு கேஜோடு ஒப்பிட்டு, தேதியைக் காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள்.

கேஜ் அழுத்தத்தைச் சொல்லும், குறைக்காது. குறைப்பது சேஃப்டி வால்வு. அது கசிகிறதென்று ஆணி அடித்தோ மூடி போட்டோ அடைப்பது டேங்கை வெடிகுண்டாக மாற்றும் செயல். டேங்கின் அடியில் தேங்கும் தண்ணீரைத் தினமும் வடிக்க வேண்டும். துருப்பிடித்த டேங்குக்கு எந்தப் புது கேஜும் உதவாது.

காற்றுத் துப்பாக்கிக்கு கேஜ் கேட்டு வந்தால்

இப்போது சில ஹார்டுவேர் கடைகளுக்குப் புது வாடிக்கை வருகிறது. திருவிழா பலூன் கடையில் வைத்திருக்கும் காற்றுத் துப்பாக்கி ஸ்பிரிங்கால் இயங்குவது. அதில் கேஜ் கிடையாது. போட்டிகளில் சுடுபவர்கள் வைத்திருப்பது வேறு ரகம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற 10 மீட்டர் பிரிவில் பயன்படும் துப்பாக்கிகளில் அழுத்தக் காற்று நிரப்பிய சிறு குழலும், அதில் சிறு கேஜும் இருக்கும். அதில் சுமார் 200 பார் அழுத்தம் ஏற்றுகிறார்கள். பவுண்டில் சொன்னால் 2,900. நம் கார் டயரைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு.

அபாயம் எங்கே என்றால், இந்தச் சிறு கேஜின் மரையும் நம் அலமாரியிலுள்ள 16 கிலோ கேஜின் மரையும் சில சமயம் ஒன்றாகவே இருக்கும். கைக்குப் பொருந்தும், அழுத்தம் ஏற்றினால் வெடிக்கும். அதுவும் குறிபார்க்கும் முகத்துக்கு வெகு அருகில். மரை பொருந்துகிறது என்பதற்காக ஒரு கேஜையும் விற்கக் கூடாது. எத்தனை பாருக்கு என்று கேட்டு, அதைவிட உயர்ந்த அளவு, 300 பாருக்குக் குறையாதது, துப்பாக்கி தயாரிப்பாளர் சொன்ன வகையாக இருந்தால் மட்டுமே கொடுக்க வேண்டும். பிரிக்கும் முன் காற்று முழுவதும் வெளியேற வேண்டும். டெஃப்லான் டேப்பின் துணுக்கு வால்வில் சிக்கும் என்பதால், அதற்குரிய ரப்பர் வளையம் அல்லது வாஷர்தான் போட வேண்டும். வெல்டிங் ஆக்ஸிஜனை அதில் ஏற்றச் சொல்லி யாராவது கேட்டால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். இந்த வேலை தெரிந்த ஆயுதப் பழுது நிபுணரிடம் அனுப்புவதே நமக்கும் வாடிக்கையாளருக்கும் நல்லது.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 20 ஜூல் ஆற்றலுக்கு மேற்பட்ட அல்லது 0.177 அங்குலத்துக்கு மேற்பட்ட துளையுள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவை. கேஜ் மாற்றுவது ஒன்று. அழுத்தத்தைக் கூட்டி ஆற்றலை ஏற்றுவது வேறொன்று. இரண்டாவதற்கு நாம் துணை போகக் கூடாது.

தீயணைப்பானும் தராசும்

2023 அக்டோபர் 7 அன்று, ஓசூரைத் தாண்டி எல்லைக்கு அப்பாலுள்ள அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை தீப்பற்றி, வேலைக்குப் போயிருந்த நம் தமிழக இளைஞர்கள் பலர் மாண்டார்கள். அவ்வளவு பெரிய தீயைக் கைத் தீயணைப்பான் நிறுத்தாது. ஆனால் எண்ணெய் டின்னுக்கும் சாக்குக்கும் நடுவே நெருப்புச் சிறிதாக இருக்கும் முதல் நிமிடம் நம் கையில் இருக்கிறது. அந்த நிமிடத்துக்காக வாங்கிய தீயணைப்பான் வேலை செய்ய வேண்டுமே!

பவுடர் வகையில் முள் பச்சைப் பகுதியில் இருக்க வேண்டும். பச்சையில் இருப்பது தள்ளும் வாயு இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. பவுடர் கட்டிதட்டிப் போனதை கேஜ் சொல்லாது. எடை சரியாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இதன் கேஜை நாமே கழற்றக் கூடாது. நிரப்புபவர் வாயுவை இறக்கிய பின் மாற்றித் தரட்டும்.

கார்பன் டை ஆக்ஸைடு வகையில் கேஜே இல்லை. குறை என்று நினைக்க வேண்டாம். உள்ளே திரவமாக இருக்கும் வாயு, கடைசித் துளி திரவம் உள்ளவரை ஒரே அழுத்தத்தையே காட்டும். வெயிலுக்கு ஏறும், குளிருக்கு இறங்கும். அளவு மட்டும் தெரியாது. சமையல் கேஸும் இப்படித்தான். 19 கிலோ வணிக சிலிண்டரில் எவ்வளவு மீதம் என்று கேஜ் வைத்துப் பார்க்க முடியாது. சிலிண்டரில் பொறித்த காலி எடையைக் கழித்து நிறுத்துப் பார்ப்பதே வழி. கார்பன் டை ஆக்ஸைடு தீயணைப்பானில் வாயுவின் எடை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் நிரப்பக் கொடுத்துவிடுங்கள். நிறுக்கத் தெரிந்த வணிகருக்கு இது ஐந்து நிமிட வேலை.

ஒரு வழக்கம்

பாரூரானாலும் ஓசூரானாலும், தராசு மறுமுத்திரைக்குப் போகும் நாள் ஆண்டுக்கு ஒரு முறை வரத்தான் போகிறது. அந்த நாளையே கேஜ் பார்க்கும் நாளாகவும் வைத்துக் கொள்வோம். கம்ப்ரஸர் கேஜை ஒப்பிடுவது, சேஃப்டி வால்வை இழுத்துப் பார்ப்பது, தீயணைப்பானை நிறுப்பது ஆகிய மூன்றையும் ஒரே காலையில் முடிக்கலாம். முடித்த தேதியை முத்திரைச் சான்றிதழின் பக்கத்திலேயே எழுதி மாட்டுங்கள். கடைப் பையன்களும் பார்க்கட்டும். எப்படிப் பார்ப்பது என்று அவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள். கம்ப்ரஸர் பக்கத்தில் நாள் முழுக்க நிற்பவர்கள் அவர்கள்தான்.