கிணற்று நீர்மட்டக் கருவியைக் குறுஞ்சுற்றிலிருந்து காத்தல்

சிலாவத்துறை போன்ற கடலோர ஊர்களிற் கிணற்று நன்னீர், நிலத்தடி உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்து நன்னீர் மட்டம் ஓரடி தாழ்ந்தே நிற்குமாயின், அடியிலுள்ள உவர்நீர் காலப்போக்கில் ஏறத்தாழ 40 அடி உயரக்கூடும் என்பது நிலநீரியற் கணக்கு. ஆதலால், நீர் குறித்த மட்டத்துக்குக் குறைந்ததும் பம்பியைத் தானாக நிறுத்துங் கருவி பயனுடையது. ஆயின் அக்கருவியே பழுதுற்றால், பம்பி இரவு முழுதும் ஓடிக் கிணற்றைக் கெடுத்துவிடும்.

பழுது நேரும் விதம்

இக்கருவியின் மூளை நுண்கட்டுப்படுத்தி என்னுஞ் சிறு சில்லாகும். பலரும் பயன்படுத்தும் அட்மெகா 328 சில்லு 5 வோல்ற்றில் இயங்கும்போது, அதன் உள்ளீட்டு முனை 5.5 வோல்ற்றுக்கு மேல் தாங்காது. கிணற்றிலிருந்து வரும் வடத்திலோ 12 வோல்ற்று மின்கலக் கம்பியும் மிதவை ஆளியின் கம்பியும் அருகருகே செல்வதுண்டு. எலி கடித்தோ, உப்புக்காற்றால் இணைப்பு அரித்தோ இரண்டும் தொட்டுக்கொண்டால், 12 வோல்ற்றும் சில்லினுட் பாயும். உருகி இருக்கின்றதே என வாளாவிருத்தல் தவறு. உருகி கம்பியைக் காக்கும்; அது உருகுமுன் சில்லு கெட்டுவிடும்.

செய்யவேண்டியவை

1. ஆளியின் கம்பிக்கும் உள்ளீட்டு முனைக்குமிடையே 10 கிலோ ஓம் தடையி ஒன்றைத் தொடராக இணைக்க. 12 வோல்ற்று தொட்டாலும் ஏறத்தாழ 0.65 மில்லி அம்பியர் மின்னே பாயும்.

2. 24 வோல்ற்று மின்கலமாயின் அம்மின் 1.8 மில்லி அம்பியரைக் கடக்கும். சில்லின் உட்காப்புக்கு 1 மில்லி அம்பியரே எல்லை. ஆதலால் ஷொட்கி இருவாயி ஒன்றின் கோடிட்ட முனையை 5 வோல்ற்று வழியிலும், மறுமுனையை உள்ளீட்டு முனையிலும் இணைக்க. 12 வோல்ற்றுக்கும் இதனைச் சேர்த்தல் நன்று.

3. உள்ளீட்டு முனைக்கும் 5 வோல்ற்று வழிக்குமிடையே 100 கிலோ ஓம் தடையி இடுக. ஆளியின் மறுகம்பியை மின்கலத்தின் எதிர்முனையோடு சேர்க்க. நீர் போதியளவு உள்ளபோது மூடியும், குறைந்தபோது திறந்தும் இருக்கும் ஆளியையே தெரிக. உள்ளீடு 5 வோல்ற்றுக்கு உயர்ந்தாற் பம்பி நிற்குமாறு கருவியை அமைக்க. அப்பொழுது கம்பி அறுந்தாலும் பம்பி நிற்கும்.

4. மின்கலத்தின் நேர்முனையருகே உருகி இடுக. மின் அற்றதும் பம்பியை நிறுத்தும் ரிலேயையே பயன்படுத்துக.

5. 230 வோல்ற்றுக் கம்பியை இவ்வடத்தோடு ஒரே குழாயிற் செலுத்தலாகாது. மேற்கூறிய காப்பு அதற்கு ஈடுகொடாது, உயிராபத்தும் நேரும். அவ்வேலையை மின்வினைஞரிடமே ஒப்படைக்க.

மாதச் சோதனை

ஆளியின் இரு கம்பிகளும் தம்முள் ஒட்டிக்கொண்டால், நீர் உள்ளதென்றே கருவி மயங்கும்; இக்குறையை மேற்கூறிய காப்புகள் தீர்க்கா. ஆகையால், மாதம் ஒருமுறை பம்பி ஓடும்போது மிதவையைக் கயிற்றாற் தாழ்நிலைக்குக் கொணர்ந்து பார்க்க. பம்பி நில்லாவிடின், வடத்தைச் செப்பனிடும்வரை ஆளின்றி இறைத்தலாகாது. சில்லை மாற்றிக்கொள்ளலாம், உவரான கிணற்றை மீட்டல் எளிதன்று.