பாடம் செய்த விலங்குகளும் பழைய கிருமிகளும்

நம்பிக்கை: பாடம் செய்து வைத்த விலங்கு வேடிக்கை பார்ப்பதற்குத்தான். அதைப் பற்றித் தெரிய வேண்டியதெல்லாம் எப்போதோ தெரிந்துவிட்டது.

உண்மை: கண்ணாடிப் பெட்டிக்குள் நாம் பார்ப்பது பெரிய அருங்காட்சியகங்களின் சேகரிப்பில் சிறு பகுதிதான். மீதியெல்லாம் உள்ளே இழுப்பறைகளில் தோலாக, மண்டையோடாக, எலும்பாக இருக்கிறது. ஆய்வு நடப்பது அங்கேதான். 1948இல் இன்றைய தேனி மாவட்டத்து மேகமலைப் பகுதியில், தோட்டத் தொழிலில் இருந்த இயற்கை ஆர்வலர் ஆங்கஸ் ஹட்டன் ஒரு வௌவாலைப் பிடித்தார். அது மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் சேர்ந்தது. எங்கும் காணப்படும் குறுமூக்குப் பழந்தின்னி வௌவால் என்று அதற்குப் பெயரிட்டு வைத்துவிட்டார்கள். 1972இல் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தோங்லோங்யா அதை மறுபடி ஆராய்ந்தபோதுதான் புதிய இனம் மட்டுமல்ல, புதிய பேரினமே இழுப்பறையில் கிடந்தது தெரியவந்தது. பறவையியலாளர் சலீம் அலியின் பெயரைத் தாங்கி நிற்கும் பழந்தின்னி வௌவால் அதுதான். நம் மலையிலிருந்து போன விலங்கு, சரியான பெயருக்காக 24 ஆண்டுகள் காத்திருந்தது.

நம்பிக்கை: காய்ந்த தோலிலும் ஃபார்மலினில் ஊறிய உறுப்பிலும் மரபுப் பொருள் மிஞ்சாது.

உண்மை: சிதைந்து, துண்டு துண்டாகத்தான் மிஞ்சும். ஆனால் மிஞ்சும். ஆப்பிரிக்காவின் குவாக்கா வரிக்குதிரையில் கடைசி விலங்கு 1883இல் ஆம்ஸ்டர்டாம் விலங்குக் காட்சிசாலையில் இறந்தது. ஜெர்மனியின் மைன்ஸ் அருங்காட்சியகத்தில் இருந்த ஒரு குவாக்காத் தோலில் ஒட்டியிருந்த காய்ந்த தசையிலிருந்து 1984இல் ரஸ்ஸல் ஹிகுச்சி, ஆலன் வில்சன் குழுவினர் டிஎன்ஏவைப் பிரித்தெடுத்தார்கள். கிடைத்தது வெறும் 229 எழுத்துகள். குவாக்கா குதிரைக்கு நெருக்கமா, வரிக்குதிரைக்கு நெருக்கமா என்ற நெடுநாள் விவாதத்துக்கு அதுவே பதில் சொன்னது: வரிக்குதிரைக்கு. அழிந்துபோன ஓர் உயிரினத்தின் டிஎன்ஏவை மனிதர் படித்தது அதுவே முதல் முறை.

டிஎன்ஏவைவிட எளிதில் அழியக்கூடிய ஆர்என்ஏவும் தப்பியிருக்கிறது. ஸ்டாக்ஹோமில் சாதாரண அறை வெப்பத்தில் 130 ஆண்டுகள் இருந்த, அழிந்துபோன டாஸ்மேனியப் புலியின் தோலிலும் தசையிலும் அது கிடைத்ததை 2023இல் அறிவித்தார்கள். பெர்லின் மருத்துவ வரலாற்று அருங்காட்சியகத்தில், 1912இல் தட்டம்மையால் இறந்த ஒரு குழந்தையின் நுரையீரல் ஃபார்மலினில் பாதுகாக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து அந்த வைரஸின் மரபுத்தொகுதியைக் கிட்டத்தட்ட முழுதாகவே மீட்டார்கள். மாடுகளைக் கொன்றுகுவித்த வெக்கை நோயின் வைரஸும் தட்டம்மை வைரஸும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை. அந்தப் பிரிவு கிறிஸ்துவுக்கு முன் 6ஆம் நூற்றாண்டிலேயே நடந்திருக்கலாம் என்ற கணிப்பு இந்த நுரையீரலின் துணையோடு செய்யப்பட்டது.

நம்பிக்கை: அப்படியென்றால் டைனோசர் டிஎன்ஏவும் ஒருநாள் கிடைத்துவிடும்.

உண்மை: கிடைக்காது. 8 கோடி ஆண்டுப் பழைய எலும்பிலிருந்து டிஎன்ஏ எடுத்ததாக 1994இல் ஓர் அறிவிப்பு வந்தது. பிறர் சரிபார்த்தபோது அது மனித டிஎன்ஏ என்று தெரிந்தது. எலும்பைத் தொட்ட கையும் அருகே விட்ட மூச்சும் போதும், மாதிரி மாசுபட்டுவிடும். அதனால்தான் இன்று தனி ஆய்வுக்கூடத்தில், உடல் முழுதும் மூடிக்கொண்டு வேலை செய்கிறார்கள். பழைய டிஎன்ஏவின் துண்டுகளில் முனைப்பகுதி ஒரு குறிப்பிட்ட விதத்தில் சிதைந்திருக்கும். அந்தச் சிதைவு இல்லாத டிஎன்ஏவை யாரும் பழையது என்று ஏற்பதில்லை.

உறைபனியில் புதைந்த யானை இனமான மாமத்தில் 10 லட்சம் ஆண்டுக்கும் மேற்பட்ட டிஎன்ஏ கிடைத்திருக்கிறது. வெப்பமான நாடுகளில் சில ஆயிரம் ஆண்டுகளே பெரிய தூரம். டிஎன்ஏ கைவிடும் இடத்தில் புரதம் உதவுகிறது. டார்வின் 1833இல் உருகுவேயில் டாக்ஸோடான் என்ற அழிந்துபோன விலங்கின் மண்டையோட்டை 18 பென்ஸுக்கு வாங்கினார். அது எந்த விலங்கின் உறவு என்று அவருக்குப் புரியவில்லை. 2015இல்தான் அந்த இனத்தின் எலும்புகளில் மிஞ்சியிருந்த கொலாஜன் புரதத்தைக் கொண்டு, குதிரையும் காண்டாமிருகமும் சேர்ந்த கிளைக்கு அது நெருக்கம் என்று உறுதி செய்தார்கள்.

நம்பிக்கை: மண்டையோட்டின் பல்லில் ஒட்டியிருப்பது அழுக்கு. சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும்.

உண்மை: தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். வெந்நீர்ப் பானையில் உப்புப் படிவதைப்போல, எச்சிலில் உள்ள கால்சியம் பல்லின் மேல் காரையாக இறுகுகிறது. விலங்கு உயிரோடு இருக்கும்போதே வாயிலுள்ள பாக்டீரியாக்களையும் உணவுத் துணுக்குகளையும் அது தனக்குள் பூட்டிக்கொள்கிறது. ஸ்வீடன் அருங்காட்சியகத்தில் உள்ள பழுப்புக் கரடிகளின் மண்டையோடுகளில் படிந்த காரையை உப்சாலா பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து 2021இல் வெளியிட்டார்கள். அவை 180 ஆண்டுக் காலத்தைச் சேர்ந்தவை. 20ஆம் நூற்றாண்டில் நாட்டில் ஆன்டிபயாடிக் பயன்பாடு பெருகப் பெருக, காட்டுக் கரடியின் வாயிலிருந்த பாக்டீரியாக்களிலும் மருந்தை எதிர்க்கும் மரபணுக்கள் பெருகியிருந்தன. கரடிக்கு யாரும் மாத்திரை கொடுக்கவில்லை. மனிதரும் கால்நடைகளும் உட்கொண்ட மருந்தின் விளைவு சுற்றுச்சூழல் வழியாகக் காடுவரை போயிருக்கிறது. கால்நடைகளைக் கொழுக்கவைக்க ஆன்டிபயாடிக் கொடுப்பதை ஸ்வீடன் 1986இல் தடை செய்தது. தொடர்ந்து மருந்துப் பயன்பாட்டையும் கட்டுப்படுத்தியது. அதன்பின் பிறந்த கரடிகளில் அந்த மரபணுக்கள் குறைந்திருந்தன. கொள்கை மாறினால் பலன் உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியை நான் பார்த்ததில்லை. அந்த மண்டையோடுகளைச் சேகரித்தவர்களில் பலர் காலத்தில் ஆன்டிபயாடிக் மருந்தே இல்லை.

நம்பிக்கை: ஓர் இனத்துக்கு ஒரு மாதிரி போதும். ஒரே மாதிரியான நூறு எலிகளை எதற்கு வைத்திருக்க வேண்டும்?

உண்மை: இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவில் மட்டும் வாழ்ந்த மெக்லியர் எலி 20ஆம் நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகளிலேயே அழிந்துபோனது. 1899இல் கப்பலில் வந்திறங்கிய கருப்பு எலிகள் நோயைக் கொண்டுவந்திருக்கலாம் என்ற சந்தேகம் அப்போதே எழுந்தது. சான்று 2008இல் கிடைத்தது. 1899க்கு முன் பிடிபட்ட மெக்லியர் எலிகளின் தோலில் டிரிபனோசோம் என்ற ஒட்டுண்ணியின் டிஎன்ஏ இல்லை. பின்னால் பிடிபட்டவற்றில் இருந்தது. ஒரே ஒரு எலியை வைத்திருந்தால் இந்த ஒப்பீடே நடந்திருக்காது. தோலோடு கட்டிய லேபிளில் தேதி இல்லையென்றாலும் நடந்திருக்காது.

நம்பிக்கை: பழைய கிருமிகளைத் தோண்டினால் கொள்ளைநோய் திரும்பிவிடும்.

உண்மை: இந்தத் தோல்களிலும் பற்களிலும் ஆய்வாளர்கள் படிப்பது நொறுங்கிய டிஎன்ஏ துண்டுகளை. அவை யாரையும் தொற்றாது. பழைய தோல்களில் உண்மையான ஆபத்து, பூச்சி அரிக்காமலிருக்க அந்தக் காலத்தில் பூசிய ஆர்செனிக் நஞ்சுதான். வெறும் கையால் தொடக் கூடாது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சோதனையும் மாதிரியில் சிறிது தின்றுவிடுகிறது. எடுத்த தூளைத் திரும்ப வைக்க முடியாது. எனவே அனுமதி கேட்டால் காப்பாளர்கள் தயங்குவது நியாயமே.

நம் ஊர்ப் பழைய கல்லூரிகளின் விலங்கியல் துறைகளிலும் தோல்களும் எலும்புகளும் புட்டிகளும் இருக்கின்றன. கட்டடம் இடிக்கும்போதும் அறை மாற்றும்போதும் முதலில் தொலைவது லேபிள். உங்கள் பொறுப்பில் அப்படி ஏதும் இருந்தால், பிடித்த இடத்தையும் தேதியையும் முதலில் பதிவேட்டில் எழுதிவையுங்கள். லேபிளைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். வைக்க இடமில்லை என்றால் குப்பையில் போடாதீர்கள். சென்னையிலுள்ள இந்திய விலங்கியல் ஆய்வுத் துறை அலுவலகத்தை முதலில் கேளுங்கள்.