கண்ணில் சுண்ணாம்பு பட்டால்

"நஞ்சுக்கொடித் தோலைக் கண்ணில் வைக்கப் போகிறார்களாம், அது கூடுமா?" என்று மருத்துவ உதவி கேட்டு வருவோர் சிலர் எங்களிடம் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். அதற்கு முன் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிள்ளைகள் பிதுக்கும்போது அது வெடித்துக் கண்ணில் தெறிக்கிறது. அமிலம் பெரும்பாலும் பட்ட இடத்துப் புரதத்தை உறைய வைத்து அங்கேயே நின்றுவிடும். சுண்ணாம்பு, காஸ்டிக் சோடா போன்ற காரமோ திசுவின் கொழுப்பைச் சோப்பாக்கிக் கரைத்தபடி உள்ளே இறங்கும். ஆகவே உடனே இமைகளை விரித்துப் பிடித்து, கையில் கிடைக்கும் சுத்தமான தண்ணீரை அரை மணி நேரமாவது ஊற்றுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். ஆட்டோ தேடுவதுகூடக் கழுவிய பிறகுதான். மேலிமைக்குள் ஒட்டிய துணுக்குகளை மருத்துவர் இமையைப் புரட்டி எடுப்பார்.

இனி அந்தச் சவ்வு. பனிக்குடத்தின் உட்புறப் படலம் அது. கண்ணாடி போல மெல்லியது, இரத்தக் குழாய் கிடையாது. சிசேரியன் பிரசவத்தில், தாயின் சம்மதத்தோடு, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமி முதலியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை செய்த பிறகே எடுக்கிறார்கள். வெந்த கண்ணின் மேல் போர்த்தினால் வீக்கம் தணிகிறது, புதுத்தோல் படர வழி கிடைக்கிறது, தழும்பு குறைகிறது, இமை விழியோடு ஒட்டிக்கொள்வதும் தடைபடுகிறது. 1946-லேயே இங்கிலாந்தில் சார்ஸ்பி என்ற மருத்துவர் இதைக் காரம் பட்ட கண்களுக்குப் பயன்படுத்தினார். பிறகு ஏனோ மறந்துபோய், 1990-களில்தான் மீண்டும் வழக்கத்துக்கு வந்தது.

அதிகமாக எதிர்பார்க்கவும் கூடாது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், நடுத்தரக் காயங்களில் புண் விரைவாக ஆறியது; ஆனால் நாளடைவில் பார்வையில், மருந்து மட்டும் பெற்றவர்களைவிடப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கருவிழி ஓரத்து மூலச்செல்கள் அழிந்துவிட்டால் சவ்வு போதாது. நல்ல கண்ணிலிருந்து அந்தச் செல்களை எடுத்து நட வேண்டிவரும்.

கூடுமா என்ற கேள்விக்கு ஃபத்வா சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. மஹல்லா ஆலிமிடம் கேளுங்கள். அவரிடம் விவரத்தை முழுமையாகச் சொல்லுங்கள்: பிரசவத்தில் தானே வெளியேறுவது, தாய் மனமொப்பித் தருவது, விலைக்கு வாங்கும் உறுப்பு அல்ல, ஒரு பிள்ளையின் கண் காயத்துக்கு மருந்தாவது. ஆனால் பதில் வரும்வரை சிகிச்சையை நிறுத்தி வைக்காதீர்கள். மருத்துவர் சொல்லும் நாள் முதல் வாரத்துக்குள்ளாகவே இருக்கக்கூடும்.