கடலுக்குள் ஒரு நாள்: தீவுப் படகுப் பயணம் பற்றி ஒரு பாடம்



நம் கூட்டமைப்பில் இரண்டு வகைக் குழுக்கள் இருக்கின்றன. மிளகாயும் பருத்தியும் போடுகிற உள்பகுதிக் குழுக்கள் ஒரு பக்கம். மீனும் பாசியுமே பிழைப்பாக இருக்கிற கடலோரக் குழுக்கள் இன்னொரு பக்கம். இந்த வருடம் இரண்டு பக்கத்துத் தீர்மான நோட்டிலும் ஒரே விஷயம் ஏறியிருக்கிறது. உள்பகுதிக் குழுக்கள், "இந்தத் தடவை கண்டுணர்வுப் பயணம் பால் பண்ணை, கோயில்னு இல்லாம, படகுல தீவுக்குப் போறதா இருக்கட்டும்" என்கிறார்கள். கடலோரக் குழுக்கள், "அந்தப் படகை நாமளே விட்டா என்ன, கடன் கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். ஏறிப் போகிறவர்களுக்கும் ஓட்டப் போகிறவர்களுக்கும் சேர்த்தே இந்த மாதப் பாடத்தை எழுதுகிறோம்.

முழுநாள் தீவுப் பயணம் என்பது உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடக்கிறது. காலையில் பத்து இருபது பேரைப் படகில் ஏற்றுவார்கள். ஒன்றிரண்டு தீவு காட்டுவார்கள். ஆழம் குறைந்த இடத்தில் நிறுத்தி, கண்ணாடியும் குழாயும் கொடுத்துத் தண்ணீருக்குள் பார்க்க விடுவார்கள். இதைத்தான் ஸ்நார்கெலிங் என்கிறார்கள். மதியம் மீன் சாப்பாடு. பிறகு கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகில் விளையாட்டு. பொழுது சாயுமுன் கரை. அந்தமானில் ஹேவ்லாக் தீவுக்கு (2018 முதல் அதன் பெயர் ஸ்வராஜ் தீவு) இதற்காகவே கூட்டம் போகிறது. தாய்லாந்து நாட்டில் இது பெரிய தொழில்.

நம் பக்கம் அவ்வளவு பெரிதாக இல்லை. பாம்பன் குந்துக்காலில் இருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு விடுகிறது. 1897-ல் விவேகானந்தர் வெளிநாட்டில் இருந்து திரும்பி வந்து இறங்கிய அதே குந்துக்கால்தான். தொண்டிப் பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகும் கயாக்கும் உண்டு. அங்கே ஊர்ப் பெண்கள் சமைத்துப் போடும் நண்டு, இறால் சாப்பாட்டுக்காகவே போகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டணமும் நேரமும் காலத்துக்குக் காலம் மாறும். காற்று அதிகமானால் படகை நிறுத்திவிடுவார்கள். அதனால் வேன் பேசுவதற்கு முன்னால் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

காற்று பற்றி ஒரு வார்த்தை. ராமேசுவரம் மீனவர்கள் தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும், வடக்கே உள்ள பாக் நீரிணையைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். முன்னது சீறும், பின்னது அமைதியாக இருக்கும் என்று கணக்கு. பெண் என்றால் எப்போதும் அமைதி என்று யார் முடிவு செய்தார்களோ! வாடைக்காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பெண் கடலும் சீறத்தான் செய்யும். தென்மேற்குக் காற்று வீசுகிற வைகாசி முதல் ஆவணி வரை தெற்குக் கடல் முரடாக இருக்கும். ஆகவே எந்த மாதம் போகிறோம் என்பதைப் பொறுத்தே எந்தக் கரைக்குப் போகலாம் என்று முடிவு செய்ய வேண்டும்.

இனி கண்ணாடி, குழாய் விஷயம். நீச்சல் கண்ணாடி கண்ணை மட்டும் மூடும். இந்தக் கண்ணாடி மூக்கையும் சேர்த்து மூடிவிடும். மூச்சு வாய் வழியாகத்தான். குழாயின் ஒரு முனை வாயில், மறுமுனை தண்ணீருக்கு மேலே. குப்புற மிதந்துகொண்டு கீழே பார்க்கலாம். கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க உள்பக்கம் எச்சில் தடவிக் கழுவுவார்கள். பார்க்க அருவருப்பாக இருந்தாலும் உலகம் முழுக்க அதுதான் வழக்கம்.

"குழாயை இன்னும் நீளமா வச்சா இன்னும் ஆழத்துல போய்ப் பாக்கலாமே?" என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். நல்ல கேள்வி. குழாய் ஒரு முழத்துக்கும் குறைவாக இருப்பதற்கு இரண்டு காரணம். நாம் விட்ட கெட்ட காற்று நீளக் குழாய்க்குள்ளேயே தங்கி, திரும்பவும் அதையே இழுக்க வேண்டி வரும். அதோடு ஆழம் போகப் போகத் தண்ணீர் நெஞ்சை அழுத்தும், மேலே இருக்கிற காற்றை இழுக்க நுரையீரலுக்குத் தெம்பு போதாது. ஆகவே மேலே மிதந்தபடி பார்ப்பதோடு சரி. ரத்த அழுத்தம், இருதயக் கோளாறு, வலிப்பு, ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். கர்ப்பிணிகள் படகுக் குலுக்கலையே தவிர்ப்பது நல்லது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் இறங்கக் கூடாது.

அடுத்தது சேலை. இதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை, அதனால் நாங்கள் பேசுகிறோம். ஐந்தரை மீட்டர் துணி நனைந்தால் கனம் ஏறும், காலைச் சுற்றும், நீந்தத் தெரிந்தவரையும் கீழே இழுக்கும். சேலையோடு ஆழத்தில் இறங்கவே கூடாது. சுடிதாரோ, பேண்ட்டும் முழுக்கைச் சட்டையுமோ போட்டுக்கொள்ளலாம். வெட்கமாக இருக்கிறது என்று சொல்பவர்கள் பாசி எடுக்கப் போகிற நம் கடலோரச் சகோதரிகளைப் பாருங்கள். சேலையை இறுக்கிக் கட்டி, மேலே ஆண்கள் சட்டை போட்டு, விரலில் துணி சுற்றி, காலுக்கு ரப்பர் செருப்பு மாட்டி, கண்ணாடி போட்டு மூழ்கி எழுகிறார்கள். குழாய்கூடக் கிடையாது, மூச்சை அடக்கித்தான் வேலை. ஊரில் இருந்து வருகிறவர்கள் காசு கொடுத்து ஒரு மணி நேரம் செய்வதை, இவர்கள் சிறு வயது முதல் பிழைப்பாகச் செய்கிறார்கள்.

தண்ணீருக்கு அடியில் தெரிவது என்ன? மீன், கடல்புல், அதிர்ஷ்டம் இருந்தால் ஆமை. முக்கியமாகப் பவளப்பாறை. பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் அது உயிருள்ளது. குண்டூசித் தலை அளவிலிருந்து ஆரம்பிக்கிற சின்னச் சின்ன உயிர்கள் கூட்டமாகச் சேர்ந்து, சுண்ணாம்பை உடம்பைச் சுற்றிக் கட்டிக் கட்டி வளர்த்த வீடு அது. அதன் உடம்புக்குள் நுண்ணிய பாசி குடியிருந்து சாப்பாடு தயாரித்துக் கொடுக்கிறது. கடல் அளவுக்கு மீறிச் சூடானால் அந்தப் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துவிடும். சூடு நீடித்தால் செத்துவிடும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய வருடங்களில் இப்படிப் பெரிய அளவில் வெளுத்தது. இந்தப் பாறை இருந்தால்தான் மீன் குஞ்சுகளுக்கு ஒளிய இடம். பாறை போனால் மீன் போகும், மீன் போனால் நம் குழுக்களின் சேமிப்பும் போகும்.

இப்படி உள்ள பாறை மேல் ஒருவர் களைத்துப் போய் ஒரு நிமிடம் ஏறி நின்றால், பல வருடம் வளர்ந்த கிளை உடையும். படகுக்காரர் நங்கூரத்தைப் பாறை மேல் போட்டால் அதைவிடச் சேதம். தாய்லாந்தில் மாயா விரிகுடா என்ற இடம் ஒரு ஆங்கில சினிமாவால் பிரபலமாகி, தினமும் ஆயிரக்கணக்கானவர்களும் நூற்றுக்கணக்கில் படகுகளும் வந்தன. பவளம் அழிந்ததால் அரசாங்கம் 2018-ல் மூடியது. 2022 ஜனவரியில்தான் கட்டுப்பாட்டோடு திறந்தார்கள். மூன்றரை வருடம் அங்கே படகுத் தொழில் இல்லை. ஞாபகத்துக்கு என்று ஒரு துண்டு பவளமோ கடல் அட்டையோ எடுத்து வருவதும் நம் நாட்டில் குற்றம். 2001 முதல் இவை வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பில் உள்ளன.

இப்போது படகு விடுவதாக இருந்தால் கணக்கு. கீழே உள்ள தொகைகள் பழகிப் பார்ப்பதற்காக நாங்கள் போட்டவை. உங்கள் ஊர் விலையை வைத்துத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்.

12 பேர் ஏறலாம் என்று அனுமதி உள்ள படகு. தலைக்கு 800 ரூபாய் என்றால் வரவு 9,600. டீசல் 2,200. ஓட்டுபவர், உதவியாள் இருவர் கூலி 1,800. பயணிகளோடு அந்த இருவருக்கும் சேர்த்து 14 சாப்பாடு, தலைக்கு 150 வீதம் 2,100. அனுமதிக் கட்டணம் தலைக்கு 100 வீதம் 1,200. லைஃப் ஜாக்கெட், கண்ணாடி தேய்மானத்துக்கு ஒதுக்கீடு 500. மொத்தச் செலவு 7,800. மிச்சம் 1,800. கடன் தவணையும் இதிலிருந்துதான்.

அதே படகில் 8 பேர் மட்டும் வந்தால்? வரவு 6,400. செலவு 6,800. கைநட்டம் 400. 9 பேர் வந்தால்தான் 150 ரூபாய் நிற்கும். அதாவது ஒன்பதாவது ஆள் வரும் வரைக்கும் குழு கடலுக்காக உழைக்கிறது, அதற்குப் பிறகுதான் தனக்காக உழைக்கிறது. காற்று மாதங்களில் ஓட்டமே இருக்காது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வருடம் முழுக்க இதை மட்டும் நம்பிக் கடன் வாங்குவது சரியில்லை என்பது எங்கள் அபிப்பிராயம். சமையல், கருவாடு விற்பனை, கண்ணாடி வாடகை என்று பக்க வரும்படி இருந்தால் தாங்கும்.

இந்தக் கணக்கில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. 12 பேர் படகில் 16 பேரை ஏற்றிப் பாருங்கள். வரவு 12,800, செலவு 8,800, மிச்சம் 4,000! டீசல் அதே டீசல், கூலி அதே கூலி. "நாலு பேர்தானே, இடிச்சு உக்காந்துக்கலாம்" என்ற பேச்சு அங்கேதான் பிறக்கிறது. பயணிகளே கெஞ்சுவார்கள், வேனில் வந்த சொந்தக்காரர்களைப் பிரிக்க முடியாது என்பார்கள். 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் மீன்பிடிப் படகில் உல்லாசமாகப் போன 22 பேர் இறந்தார்கள். 2023 மே 7-ல் கேரளத்துத் தானூரில் மறுபடி 22 பேர், நிறையக் குழந்தைகள். அது அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய படகு. எல்லாமே கரைக்குப் பக்கத்தில்தான் நடந்தன.

படகில் எல்லோரும் ஒரே பக்கம் போய் நின்று டால்பினைப் பார்த்தால்கூடப் படகு சாயும். லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்கு அடியில் வைத்திருப்பது போதாது. கரையிலேயே போட்டு, பட்டையைப் பூட்டி, தோளில் பிடித்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். காது வரைக்கும் ஏறினால் அது உங்கள் அளவு இல்லை. குழந்தைக்குக் குழந்தை அளவுதான். போட மறுக்கிறவர் குழுத் தலைவியாக இருந்தாலும், அவர் வீட்டுக்காரராக இருந்தாலும் இறக்கிவிடலாம். அந்தத் தைரியம் இல்லாத குழு இந்தத் தொழிலுக்கு வர வேண்டாம் என்றே நாங்கள் சொல்வோம்.

கடைசியாக, கடலோரக் குழுக்கள் கேட்கிற ஒரு நியாயமான கேள்வி. 1986-ல் 21 தீவுகளையும் சுற்றியுள்ள 560 சதுர கிலோமீட்டரையும் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அதற்கு முன்னால் அந்தத் தீவுகளில் தங்கிப் பாசி எடுத்த பெண்கள், இன்று உள்ளே போனால் அபராதம். சுற்றுலாப் பயணி சீட்டு வாங்கினால் போகலாம். இது என்ன நியாயம்? பவளத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் அந்தப் பெண்களுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மாதத்தில் 12 நாள்தான் கடலில் இறங்குவது, ஏப்ரல் முதல் ஜூனுக்குள் 45 நாள் பாசி வளர விட்டுவிடுவது என்று அவர்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். இரும்புக் கருவி வேண்டாம், கையாலேயே எடுப்போம் என்றும் முடிவு செய்தார்கள். அந்தப் பெண்களுக்குத் தலைமை தாங்கிய சின்னப்பாலம் லட்சுமி அம்மாவுக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி பரிசு கிடைத்தது.

இவ்வளவு கடலறிவு உள்ளவர்கள் சுற்றுலாப் படகில் பாத்திரம் கழுவ மட்டும் போவது சரியா? எங்கே பாறை, எங்கே மணல், எந்த நீரோட்டம் எப்போது திரும்பும் என்பதைச் சொல்லித் தருகிற வழிகாட்டியாக அவர்களே இருக்கலாமே! காரங்காடு போல ஊரும் வனத்துறையும் சேர்ந்து நடத்துகிற இடங்களில் இதைக் கேட்டுப் பெற வழி உண்டு. தனியாகக் கேட்டால் நடக்காது. கூட்டமைப்பு மனுவாகப் போனால் பேசுவார்கள்.

குழுக் கூட்டத்தில் இதைப் படித்துவிட்டு மூன்று விஷயம் பேசுங்கள். பயணம் போவதானால் நம்மில் யார் யார் தண்ணீரில் இறங்கலாம், யார் படகோடு நிற்க வேண்டும்? ஒன்பதாவது ஆள் வராத நாளில் படகை எடுப்பதா வேண்டாமா, அந்த நட்டத்தை யார் ஏற்பது? வழிகாட்டிப் பயிற்சி கேட்டு வனத்துறைக்கு மனுக் கொடுத்தால் உங்கள் ஊரில் இருந்து யார் கையெழுத்துப் போடுவார்கள்? பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு ஊக்குநர் கையில் கொடுத்துவிடுங்கள்.