திரை இருண்டால் எங்கே தேடுவது? பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு பரிசோதனை முறை

எட்டு, பத்து ஆண்டுகள் உழைத்த டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் ஒரு நாள் திடீரென்று மக்கர் செய்யும். ஆன் செய்தால் உள்ளே பேன் சுற்றும். மானிட்டரில் ஒன்றும் தெரியாது. அல்லது வேலை செய்து கொண்டிருக்கும்போதே திரையில் கோடு கோடாக வரும். படம் அப்படியே உறைந்து நிற்கும். தானாகவே ரீஸ்டார்ட் ஆகும். கடைக்குத் தூக்கிச் சென்றால் பல நேரங்களில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "மதர்போர்டு போயிடுச்சு சார், புதுசா வாங்கிடுங்க."

சில சமயம் அது உண்மையாக இருக்கும். ஆனால் ராமைக் கழற்றித் துடைத்து மாட்டினாலே சரியாகிவிடும் பழுதுக்கும் இதே அறிகுறிகள்தான். எனவே செலவு செய்வதற்கு முன்னால், பழுது எந்தப் பகுதியில் என்பதை நாமே கண்டுபிடிக்க முயற்சிக்கலாம். வேண்டியது ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு பிரஷ், கொஞ்சம் பொறுமை.

முதலில் பைல்கள்

திரை தெரியவில்லை என்றால் உள்ளே இருக்கும் போட்டோக்களும் கணக்குகளும் போய்விட்டதாகப் பலர் பதறுகிறார்கள். டிஸ்பிளே பழுதுக்கும் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள பைல்களுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, சாட்டா - யு.எஸ்.பி. அடாப்டர் மூலம் வேறு கம்ப்யூட்டரில் இணைத்தால் பைல்களைப் பிரதி எடுத்துக் கொள்ளலாம். டெஸ்க்டாப்பில் வரும் 3.5 அங்குல டிஸ்க் என்றால், தனி பவர் அடாப்டருடன் வருவதை வாங்குங்கள். யு.எஸ்.பி. தரும் மின்சாரம் அதற்குப் போதாது.

அடிக்கடி கிராஷ் ஆகும் கம்ப்யூட்டரில் இந்த வேலையைத் தள்ளிப் போடாதீர்கள். எழுதிக் கொண்டிருக்கும்போதே மின்சாரம் அறுந்தால் பைல்கள் கெட்டுப் போக வாய்ப்பு உண்டு. கடைக்குக் கொடுப்பதாக இருந்தாலும் பிரதி எடுத்த பின்னரே கொடுங்கள். "பார்மட் பண்ணிட்டோம்" என்று சொன்ன பிறகு வருந்திப் பயனில்லை.

எந்தக் கட்டத்தில் படம் கெடுகிறது?

பாதிக் கேள்விக்கு இதிலேயே விடை இருக்கிறது. கம்ப்யூட்டர் இயங்கத் தொடங்குவதை மூன்று கட்டங்களாகப் பிரித்துக் கொள்ளுங்கள்.

1. ஆன் செய்ததும் மதர்போர்டு நிறுவனத்தின் லோகோ வரும் நேரம். இன்னும் விண்டோஸ் வரவில்லை. இங்கேயே திரை இருட்டாகவோ, கோடுகளுடனோ இருந்தால் விண்டோஸ் மீது பழி போட முடியாது. கேபிள், மானிட்டர், ராம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்.எம்.பி.எஸ்., மதர்போர்டு ஆகியவற்றில் ஒன்றுதான் காரணம். விண்டோஸை மீண்டும் இன்ஸ்டால் செய்வது வீண் வேலை.

2. லோகோ சரியாக வந்து, விண்டோஸ் டெஸ்க்டாப் வரும் நேரத்தில் திரை இருண்டால், கிராபிக்ஸ் டிரைவரை முதலில் சந்தேகியுங்கள். அந்த நேரத்தில்தான் டிரைவர் பொறுப்பை எடுத்துக் கொள்கிறது.

3. டெஸ்க்டாப் நன்றாக வந்து, வீடியோ அல்லது கேம்ஸ் ஓடும்போது மட்டும் கிராஷ் ஆனால் சூடு, எஸ்.எம்.பி.எஸ்., டிரைவர் என்ற வரிசையில் தேட வேண்டும்.

மானிட்டர் சொல்லும் செய்தி

"நோ சிக்னல்" என்று திரையில் வந்தால் மகிழ்ச்சி அடையுங்கள். அதை எழுதுவது மானிட்டரே. அதாவது மானிட்டரின் விளக்கும் திரையும் வேலை செய்கின்றன. சிக்னல்தான் வந்து சேரவில்லை. கேபிளின் இரு முனைகளையும் பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டரில், மானிட்டர் கேபிளை மதர்போர்டின் போர்ட்டில் மாட்டியிருந்தால் பெரும்பாலும் படம் வராது. கேபினட்டைச் சுத்தம் செய்த பிறகு மாற்றி மாட்டிவிடுவது சகஜம்.

"அவுட் ஆப் ரேஞ்ச்" என்று வந்தால் மானிட்டர் தாங்க முடியாத ரெசல்யூஷன் அல்லது ரெப்ரெஷ் ரேட் செட் செய்யப்பட்டுள்ளது. சேப் மோடில் சென்று குறைத்துவிடுங்கள்.

எந்தச் செய்தியும் இன்றித் திரை கறுப்பாக இருந்தால், அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கைத் திரையில் சாய்வாக அடித்துப் பாருங்கள். படம் மங்கலாகத் தெரிந்தால் பழுது மானிட்டரின் பின் விளக்கில், கம்ப்யூட்டரில் அல்ல.

பழைய வி.ஜி.ஏ. கேபிள் பயன்படுத்துவோருக்கு ஒரு குறிப்பு. படம் முழுவதும் மஞ்சளாக மாறினால் நீல நிறத்தின் பின் தொடர்பில் இல்லை. இளஞ்சிவப்பாக மாறினால் பச்சை இல்லை. வெளிர் நீலமானால் சிவப்பு இல்லை. கேபிளை மாற்றினாலே போதும்.

கேபினட்டைத் திறக்கும் முன்

சுவரில் உள்ள பிளக்கைப் பிடுங்குங்கள். பிறகு பவர் பட்டனைப் பத்து, பதினைந்து விநாடிகள் அழுத்திப் பிடித்து, மதர்போர்டில் மீதமுள்ள மின்சாரத்தை வெளியேற்றுங்கள். கேபினட்டின் பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். அதனுள் இருக்கும் பெரிய கபாசிட்டரில், பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக் கூடும். கேபினட்டைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்றால், வீட்டு எர்த் இணைப்பைச் சரி செய்த பிறகே மற்ற வேலை.

உள்ளே உள்ள தூசியைக் காய்ந்த பிரஷ்ஷால் நீக்குங்கள். புளோயர் பயன்படுத்தினால் பேன் இறக்கைகளை விரலால் பிடித்துக் கொள்ளுங்கள். ராமைக் கழற்றி, அதன் தங்க நிறக் காண்டாக்ட்களை பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்து, "கிளிக்" சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். கிராபிக்ஸ் கார்டுக்கும் இதே வைத்தியம்தான்.

மதர்போர்டில் உள்ள உருளை வடிவக் கபாசிட்டர்களையும் பாருங்கள். மேற்பகுதி தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தாலோ உறைதலுக்கும் ரீஸ்டார்ட்டுக்கும் அதுவே காரணமாகலாம். 2000-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் தயாரான போர்டுகளில் தரமற்ற கபாசிட்டர்களால் இந்தத் தொல்லை பரவலாக இருந்தது. சால்டரிங் தெரிந்தவர் குறைந்த செலவில் மாற்றித் தருவார்.

குறைத்துக் குறைத்துச் சோதியுங்கள்

டி.வி.டி. டிரைவ், கூடுதல் ஹார்ட் டிஸ்க், தனி கிராபிக்ஸ் கார்டு எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஒரே ஒரு ராம் மட்டும் இருக்கட்டும். மானிட்டரை மதர்போர்டின் போர்ட்டில் இணைத்து ஆன் செய்யுங்கள். (மதர்போர்டில் டிஸ்பிளே வசதி இல்லையென்றால் கார்டு இருக்க வேண்டும்.) படம் வந்தால் கழற்றியவற்றை ஒவ்வொன்றாக மாட்டிச் சோதியுங்கள். எதை மாட்டியதும் படம் போகிறதோ, அதுவே குற்றவாளி அல்லது அதன் சுமையைத் தாங்காத எஸ்.எம்.பி.எஸ்.

படம் வரவில்லையா? இருக்கும் ராமையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். ஸ்பீக்கர் இணைத்திருந்தால் மதர்போர்டு விடாமல் பீப் ஒலி எழுப்ப வேண்டும். எழுப்பினால் போர்டுக்கும் பிராசசருக்கும் உயிர் இருக்கிறது. ராமையோ, ஸ்லாட்டையோ மாற்றிப் பாருங்கள். அவார்டு பயாஸ் உள்ள போர்டுகளில் ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் வந்தால் கிராபிக்ஸ் கோளாறு என்று பொருள். பயாஸுக்கு பயாஸ் இது மாறும். உங்கள் மதர்போர்டு மேனுவலைப் பாருங்கள்.

எஸ்.எம்.பி.எஸ். என்ற மறைமுகக் குற்றவாளி

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், யூடியூப் வீடியோ ஓடும்போதெல்லாம் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆனது. கடையில் மதர்போர்டை மாற்றச் சொன்னார்கள். குழந்தை பிறந்ததிலிருந்து எடுத்த போட்டோக்கள் முழுவதும் அந்த ஒரே டிஸ்க்கில்தான் இருந்தன. முதலில் அவற்றைப் பிரதி எடுத்தோம். பிறகு மல்டிமீட்டரால் அளந்தபோது, சும்மா இருக்கையில் சரியாக இருந்த 12 வோல்ட், வீடியோ தொடங்கியதும் 11-க்கும் கீழே இறங்கியது. எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றியதும் பழைய மதர்போர்டே தொடர்ந்து ஓடுகிறது.

நீங்களும் அளக்கலாம். மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். உபயோகத்தில் இல்லாத நான்கு பின் பவர் கனெக்டரில், கறுப்பு முனையைக் கறுப்பு ஒயரிலும், சிவப்பு முனையை மஞ்சள் ஒயரிலும் வைத்தால் 12 வோல்ட் காட்ட வேண்டும். சிவப்பு ஒயரில் 5 வோல்ட். ஐந்து சதவீதம் ஏற்ற இறக்கம் இருக்கலாம். அதாவது 11.4 முதல் 12.6 வரை, 4.75 முதல் 5.25 வரை. இரு முனைகளும் ஒன்றையொன்று தொடக் கூடாது. பழுது வரும் வேலையைச் செய்து கொண்டே அளப்பது முக்கியம். சுமை இல்லாதபோது கெட்ட எஸ்.எம்.பி.எஸ்.ஸும் நல்லதாகவே காட்டும்.

விண்டோஸுக்குள் தேடுவது

விண்டோஸ் வரை வந்து திரை மட்டும் இருண்டால், விண்டோஸ் 10-இல் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட் கீகளுடன் பி கீயை அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மீண்டும் துவங்கும். பலன் இல்லையென்றால் சேப் மோடில் செல்லுங்கள். விண்டோஸ் 7-இல் தொடக்கத்தில் எப்8 கீ. விண்டோஸ் 10-இல் ஷிப்ட் கீயை அழுத்தியபடி ரீஸ்டார்ட். சேப் மோடில் விண்டோஸின் சாதாரண டிஸ்பிளே டிரைவரே இயங்கும். அங்கே ஒரு மணி நேரம் கோளாறின்றி ஓடினால், டிவைஸ் மேனேஜரில் கிராபிக்ஸ் டிரைவரை அன் இன்ஸ்டால் செய்து, அந்தக் கார்டுக்கு உரிய டிரைவரை மீண்டும் போடுங்கள். அதன் பின்னும் கிராஷ் ஆனால் கார்டு அல்லது சூடு.

ஈவண்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைத் திறங்கள். "டிஸ்பிளே" என்ற பெயரில் 4101 எண் இருந்தால், டிரைவர் பதில் தராமல் நின்று மீண்டும் துவக்கப்பட்டது என்று பொருள். "கெர்னல் பவர்" 41 என்பதைப் பார்த்து எஸ்.எம்.பி.எஸ். கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். முறையாக ஷட் டவுன் ஆகவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது, காரணத்தை அல்ல. நீலத் திரையில் மெமரி தொடர்பான செய்தி வந்தால், விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கை இயக்கிப் பாருங்கள்.

செலவு செய்யலாமா?

கேபிள், எஸ்.எம்.பி.எஸ்., ராம், தெர்மல் பேஸ்ட் வரை தயங்காமல் செலவு செய்யலாம். மதர்போர்டே போயிருந்தால் யோசியுங்கள். பத்து ஆண்டு பழைய பிராசசருக்குப் புதிய போர்டு கிடைப்பது அரிது. மேலும் விண்டோஸ் 10-க்கான பொதுவான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இவ்வளவு பழைய கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் விண்டோஸ் 11-க்கான தகுதிப் பட்டியலில் இல்லை. போர்டு நன்றாக இருந்தால் லினக்ஸ் மின்ட் போட்டுப் பிள்ளைகளின் படிப்புக்கும் இணையத்துக்கும் பயன்படுத்தலாம்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்யுங்கள். செய்ததை ஒரு தாளில் குறித்து வையுங்கள். கடைசியில் கடைக்கே செல்ல நேர்ந்தாலும், அந்தத் தாள் கையில் இருந்தால் தேவையற்ற பாகங்களுக்குப் பணம் கொடுக்க மாட்டீர்கள்.