நம்பிக்கைகளும் உண்மைகளும்: சாவிக்கொத்தின் பாரம்

ஒரு கார் கம்பெனி தான் விற்ற வண்டிகளில் இத்தனை ஆயிரத்தைப் பழுதுநீக்கத்திற்காகத் திரும்ப அழைக்கிறது என்று பத்திரிகையில் செய்தி வந்துவிட்டால், அந்த மாடலை வைத்திருப்பவர் அண்டை வீட்டாரிடம் அதைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவதும், வாங்க நினைத்திருந்தவர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்பதும், பழைய கார்த் தரகர் அச்செய்தியையே சாக்காக வைத்து விலையைக் குறைப்பதும் நம்மிடையே சகஜமாகிவிட்டன. ரீகால் என்றால் ஏதோ நியாயஸ்தலத்தில் குற்றம் ருசுவாகிவிட்டது போன்ற பாவனை நமக்கு. இந்த அபிப்பிராயம் தவறானது என்று மட்டும் சொன்னால் போதாது. உண்மை பல சமயங்களில் இதற்கு நேர் விரோதமாகவே இருக்கிறது.

1989-ஆம் ஆண்டில் டொயோட்டா ஸ்தாபனத்தார் லெக்ஸஸ் என்ற புதிய பெயரில் உயர்ந்த ரகக் கார் ஒன்றை அமெரிக்காவில் விற்கத் தொடங்கினார்கள். சில மாதங்களுக்குள்ளேயே, மின்கம்பி இணைப்பில் ஒரு குறை என்றும் பிரேக் விளக்கு அளவுக்கு மீறிச் சூடேறுகிறது என்றும் விரல்விட்டு எண்ணக்கூடிய புகார்கள் வந்தன. பெயரெடுக்க வந்த இடத்தில் முதல் வருஷத்திலேயே இப்படி நேர்ந்ததே என்று மூடி மறைக்க முயலாமல், அதுவரை விற்றிருந்த சுமார் 8,000 கார்களையும் அவர்கள் திரும்ப அழைத்தார்கள். மெக்கானிக்குகள் வாடிக்கையாளரின் வீட்டுக்கே சென்று வண்டியை எடுத்துவந்து, பழுதுபார்த்து, கழுவித் துடைத்து, பெட்ரோல் நிரப்பித் திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். அந்தப் பெயர் கெடுவதற்குப் பதிலாக நிலைபெற்றது இந்த நிகழ்ச்சிக்குப் பிறகுதான் என்று அத்தொழிலில் இருப்பவர்கள் இன்றும் சொல்லுவார்கள். பல்லாயிரம் உதிரிபாகங்களைக் கோத்துச் செய்யும் யந்திரத்தில் எப்போதாவது ஒன்று பிசகுவது இயற்கை. ஆகையால், ஒரு முறைகூட எதையும் திரும்ப அழைத்ததில்லை என்று பெருமை பேசும் கம்பெனியின்மீதுதான் எனக்குச் சந்தேகம் அதிகம்.

இரண்டாவது நம்பிக்கை இன்னும் அபாயகரமானது. “என் வண்டி தங்கமாக ஓடுகிறது, எனக்கெதற்கு இந்த ரீகால்?” என்பது அது. ஓட்டும்போது உணரக்கூடிய குறைகளுக்கு இந்த நியாயம் ஒருவாறு பொருந்தலாம். ஆனால் விபத்து நேரும் அந்த ஒரு கணத்தில் மட்டும் வேலை செய்யவேண்டிய உறுப்பைப் பற்றி ஓட்டுகிறவருக்கு எப்படித் தெரியும்? ஜப்பானைச் சேர்ந்த தகாட்டா கம்பெனி செய்த ஏர்பேக்குகளை ஊதவைக்கும் சிறு உலோகக் குப்பியில் அம்மோனியம் நைட்ரேட் என்ற இரசாயனம் அடைக்கப்பட்டிருந்தது. உஷ்ணமும் ஈரமும் மாறிமாறித் தாக்கும் பிரதேசங்களில் வருஷக்கணக்கில் இருந்தால் அது நிலைகுலைந்து, பற்றவேண்டிய வேகத்திற்கு மேல் பற்றி, குப்பியையே பிளந்து, அதன் துண்டுகளை ஓட்டுகிறவர்மீது வீசியது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடியே 70 லட்சம் குப்பிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அங்கே இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். தகாட்டா 2017-இல் திவால் ஆயிற்று. ஃபுளோரிடா, டெக்ஸாஸ் போன்ற வெப்பமும் புழுக்கமும் மிகுந்த பகுதிகளின் வண்டிகளையே முதலில் கவனிக்கவேண்டும் என்று அங்கே முடிவு செய்தார்களென்றால், கடற்கரை ஊர்களில் வெயிலிலேயே வண்டியை நிறுத்திவைக்கும் நமக்கு அதில் யோசிக்க நிறைய இருக்கிறது. இந்தியாவிலும் இதே காரணத்திற்காக ஹோண்டா 2016-இல் சுமார் 1,90,000 கார்களைத் திரும்ப அழைத்தது. அவற்றில் பெரும்பாலானவை அதுநாள்வரை யாதொரு முணுமுணுப்புமின்றித் தங்கமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன.

இனி, விஷயமறிந்தவர்களையும் மயக்குகிற நம்பிக்கை ஒன்றுக்கு வருகிறேன். கம்பெனி தன் டீலர்களுக்கு அனுப்பும் சர்வீஸ் புல்லட்டினும் ரீகாலும் ஏறக்குறைய ஒன்றுதான், புல்லட்டின் வந்துவிட்டாலே வேலை இலவசமாக நடந்துவிடும் என்று எண்ணுபவர்கள் அநேகர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. ரீகால் என்பது பாதுகாப்பைப் பாதிக்கும் குறை இருப்பதைக் கம்பெனி அரசாங்கத்தின் முன்னிலையில் ஒப்புக்கொண்டு, ஒவ்வொரு உடைமையாளருக்கும் அறிவித்து, தன் செலவில் சரிசெய்யும் கடமை. புல்லட்டினோ, இன்ன கோளாறோடு வண்டி வந்தால் இன்னபடி சரிசெய்யுங்கள் என்று மெக்கானிக்குக்கு எழுதும் தொழில்முறைக் குறிப்பு மாத்திரமே. அதன் பிரகாரம் செய்யும் வேலைக்கு வாரன்டி இருந்தால் பணம் இல்லை, வாரன்டி முடிந்திருந்தால் உடைமையாளர்தாம் கொடுக்கவேண்டும். உடைமையாளர் வந்து முறையிடாதவரையில் யாரும் அவருக்குக் கடிதம் எழுதப் போவதுமில்லை.

ரீகாலாக வந்திருக்கவேண்டிய ஒன்று புல்லட்டினாக வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெனரல் மோட்டார்ஸின் வரலாறே சாட்சி. செவ்ரலே கோபால்ட், சாட்டர்ன் அயான் முதலிய சிறு கார்களின் சாவித்துவாரத்துக்குப் பின்னால் இருந்த இக்னிஷன் ஸ்விட்ச் போதிய இறுக்கமின்றிச் செய்யப்பட்டிருந்தது. சாவிக்கொத்து சற்றுப் பாரமாக இருந்தாலோ, ஓட்டுகிறவரின் முழங்கால் பட்டாலோ, ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவி தானாகத் திரும்பி என்ஜின் அணைந்துவிடும்; அதோடு ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் கிடைத்துவந்த துணைசக்தி நின்றுவிடும்; எல்லாவற்றிற்கும் மேலாக, மோதல் நேர்ந்தால் ஏர்பேக் விரியாது. இந்தக் குறை கம்பெனிக்குள் பலருக்கு வெகு காலமாகத் தெரிந்தே இருந்தது. 2005 டிசம்பரில் அவர்கள் செய்த காரியம் டீலர்களுக்கு ஒரு புல்லட்டின் அனுப்பியது: குள்ளமானவர்களுக்கும் கனத்த சாவிக்கொத்து வைத்திருப்பவர்களுக்கும் இது நேரக்கூடும், ஆகையால் கொத்தில் தேவையற்றவற்றைக் கழற்றிவிடும்படி வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள் என்றது அது. ஓடும் வண்டி நின்றுபோவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அதிகாரிகளின் கவனத்தை இழுத்துவிடும் என்பதால் அச்சொல்லை அதில் கவனமாகத் தவிர்த்தார்கள் என்று கம்பெனியே நியமித்த வழக்கறிஞரின் விசாரணை அறிக்கை பிற்பாடு சொல்லிற்று. பாரம் முழுவதும் சாவிக்கொத்தின்மேல் ஏற்றப்பட்டது!

மறு வருஷமே ஒரு பொறியியலாளர் அந்த ஸ்விட்சின் உட்பாகத்தை மாற்ற அனுமதித்தார். ஆனால் பாகத்தின் எண்ணை மாற்றாமலே மாற்றியதால், பழையதும் புதியதும் ஒரே எண்ணில் உலவின. ஏன் சில வருஷத்து வண்டிகளில் மட்டும் விபத்துகள் நேருகின்றன என்று ஆராய்ந்தவர்கள் நெடுங்காலம் திகைக்கும்படி ஆயிற்று. 2014-இல்தான் ரீகால் தொடங்கி, படிப்படியாக 26 லட்சம் கார்களை எட்டியது. திருத்திய பாகத்தின் அடக்கவிலை 57 சென்ட் என்று அமெரிக்கக் காங்கிரஸின் விசாரணையில் பேசப்பட்டது. பின்னர் அமைக்கப்பட்ட நஷ்டஈட்டு நிதி 124 மரணங்களை ஒப்புக்கொண்டது. பாதுகாப்புக் குறையைக் கண்டுபிடித்த ஐந்து வேலைநாட்களுக்குள் அரசாங்கத்துக்கு அறிவிக்கவேண்டும் என்ற சட்டத்தை மீறியதற்காக அப்போது விதிக்கக்கூடியதாயிருந்த உச்ச அபராதமான 3 கோடியே 50 லட்சம் டாலரும், குற்றவழக்கை முடிக்க மேலும் 90 கோடி டாலரும் கம்பெனி கட்டிற்று. அமெரிக்காவில் கம்பெனிகள் இந்தப் புல்லட்டின்களின் பிரதிகளை அரசாங்கத்துக்கும் அனுப்பவேண்டும். எவரும் அவற்றைப் படிக்கலாம். ரீகால் இல்லை என்றதும் நிம்மதியாகிவிடாமல் புல்லட்டின் ஏதாவது உண்டா என்று அங்குள்ள விஷயஞானிகள் தேடுவது இதனால்தான்.

வாரன்டி முடிந்துவிட்டது, ஆகையால் ரீகால் வேலைக்கும் பணம் கேட்பார்கள் என்பது மற்றொரு பயம். வாரன்டி வேறு, ரீகால் வேறு. முதலாவது விற்பனை ஒப்பந்தம், இரண்டாவது சட்டக் கடமை. அமெரிக்காவில் வண்டி முதன்முதல் விற்கப்பட்டதிலிருந்து 15 வருஷம் வரை, அது எத்தனை கை மாறியிருந்தாலும், ரீகால் வேலை இலவசம். நம் நாட்டில் அப்படியொரு சட்டமே கிடையாது என்று சொல்பவர்கள் பழைய கதையைச் சொல்லுகிறார்கள். 2012-இல் வாகன உற்பத்தியாளர் சங்கம் தானாக வகுத்துக்கொண்ட நெறிமுறைதான் முன்பு இருந்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, அதன் விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தன. ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளில் குறைபாடு பற்றிய புகார்கள் குறிப்பிட்ட அளவை எட்டினால் மத்திய அரசாங்கமே திரும்ப அழைக்கும்படி உத்தரவிடலாம்; வண்டிகளின் வகையையும் தொகையையும் பொறுத்து அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை போகலாம். கம்பெனி தானே முன்வந்து குறையை அறிவித்தால் அபராதம் கிடையாது. புகார்கள் சேர்ந்தால்தான் இந்தச் சட்டத்துக்கு வேலை உண்டு. நாமோ காப்பி ஹோட்டலில் புலம்புவோமே தவிர, ஒரு புகாரை எழுதிக் கொடுக்கச் சோம்பல்படுகிறோம்.

எல்லாம் சரி, ரீகால் இருந்தால் சர்வீஸ் சென்டரில் தாமாகவே சொல்லிவிடமாட்டார்களா என்று கேட்கலாம். சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். இதில் சூழ்ச்சியைவிடப் பொருளாதாரமே பெரும்பாலும் காரணம். வரவேற்பு மேஜைக்கருகில் டேப்லெட்டோடு நிற்கும் சர்வீஸ் அட்வைசர் மெக்கானிக் அல்லர். மாதத்துக்கு இத்தனை வீல் அலைன்மென்ட், இத்தனை ஏ.சி. க்ளீனிங், இத்தனை ரப்பிங் பாலிஷ் என்று மேலிடம் விதிக்கும் டார்கெட்டைச் சுமக்கிற ஒரு விற்பனைச் சிப்பந்தி. ரீகால் வேலைக்குக் கம்பெனி தான் நிர்ணயித்த மணிக்கணக்குப்படிதான் டீலருக்குப் பணம் தரும். வாடிக்கையாளரிடம் நேரே வசூலிக்கும் வேலையில் உள்ள லாபம் அதில் கிடைப்பதில்லை. உதிரிபாகம் வந்துசேராமல் அவர் தவிப்பதும் உண்டு. இவரைப் பகைத்துக்கொண்டு குரலை உயர்த்துவதால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவர் கையில் உள்ள கம்ப்யூட்டர் சொல்வதைத்தான் அவரால் சொல்லமுடியும், அந்தக் கம்ப்யூட்டரோ சேஸிஸ் நம்பரைக் கேட்டால்தான் வாய்திறக்கும்.

“தம்பி, ஆர்.சி.யிலே இருக்கிற சேஸிஸ் நம்பரைப் போட்டுப் பார்த்து, ரீகாலோ சர்வீஸ் கேம்பெயினோ ஏதாச்சும் பெண்டிங் இருக்கான்னு சொல்லுங்க” என்று நிதானமாகக் கேட்டுப் பாருங்கள்.

“அதெல்லாம் ஒண்ணுமில்லே சார், உங்க வண்டி சூப்பர் கண்டிஷன்” என்பார் அவர்.

“ரொம்ப சந்தோஷம். அதையே ஜாப் கார்டில ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க” என்று சொல்லுங்கள். உடனே ஆசாமி மறுபடி டேப்லெட்டைப் பார்ப்பதைக் காண்பீர்கள். வாய்ச்சொல்லுக்கும் எழுத்துக்கும் இடையிலுள்ள இந்தத் தூரத்தைக் கோர்ட்டுக் கச்சேரிகள் மட்டுமல்ல, கார்ப் பட்டறைகளும் நன்கு அறியும். கோளாறைச் சொல்லும்போதும், “வண்டியில ஏதோ சத்தம்” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போதா, பிரேக் மிதிக்கும்போதா, எத்தனை வேகத்தில் என்று எழுதவைப்பது நல்லது. பின்னால் அதே குறைக்கு ரீகால் வந்தால் உங்கள் பழைய ஜாப் கார்டே அத்தாட்சி. ரீகாலுக்கு முன் சொந்தச் செலவில் சரிசெய்தவருக்கு அந்தத் தொகையைத் திருப்பித்தர வழிசெய்யும் ஏற்பாடு அமெரிக்கச் சட்டத்திலேயே இருக்கிறது. மானேஜரிடமும் பதில் கிடைக்காவிட்டால் ஜாப் கார்டின் நகலோடு கம்பெனிக்கே எழுதலாம். டீலர் ஒரு தனி முதலாளி, கம்பெனி வேறு என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

ரீகால் அறிவித்த அன்றே பழுது தீர்ந்துவிடும் என்ற எண்ணத்தையும் விட்டுவிடவேண்டும். 2021 செப்டம்பரில் மாருதி சுஸூகி, மோட்டார் ஜெனரேட்டரில் குறை இருக்கக்கூடும் என்று சியாஸ், எர்டிகா, விட்டாரா பிரெஸ்ஸா முதலிய 1,81,754 பெட்ரோல் கார்களைத் திரும்ப அழைத்தது. ஆனால் பாகங்களை மாற்றும் வேலை நவம்பர் முதல் வாரத்தில்தான் தொடங்கும் என்றும், அதுவரை தண்ணீர் தேங்கிய இடங்களில் ஓட்டவேண்டாம், மின்பாகங்களின்மேல் நேரடியாகத் தண்ணீர் பீச்சவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டது. வடகிழக்குப் பருவமழை நம் ஊருக்கு எந்த மாதத்தில் வருகிறது என்று தயாரிப்பாளர்கள் யோசித்திருக்கமாட்டார்கள். அந்த நவம்பர் முதல் வாரத்தின் இறுதியில்தான் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. இடைக்காலத்திற்கென்று அறிவிப்பில் எழுதப்படும் இத்தகைய ஓரிரு வரிகளைப் படிக்காமல் தேதியை மட்டும் பார்த்துவிட்டு மடித்துவைப்பவர்களே அதிகம்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரீகால் கடிதம் முதல் உடைமையாளரின் பழைய விலாசத்துக்கே போய்க்கொண்டிருக்கும்; அவர் வீடு மாறியிருப்பார், கைப்பேசி எண்ணையும் மாற்றியிருப்பார். அமெரிக்காவில்கூட, ரீகால் வேலை முடியாத புதிய காரை டீலர் விற்கக்கூடாதே தவிர, பழைய காரை விற்பதை மத்தியச் சட்டம் எதுவும் தடுக்கவில்லை. ஆகையால் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஆர்.சி.யிலுள்ள பதினேழு எழுத்துச் சேஸிஸ் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்திலோ சர்வீஸ் சென்டரிலோ கொடுத்துப் பார்த்து, வாங்கியபின் உங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அவர்களுடைய கணக்கில் ஏற்றிவிடுங்கள். தரகர் இதற்கு முகம் சுளித்தால், வேறு தரகரைப் பாருங்கள்.