பேட்டரி சாகாமல் இருக்க

சென்ற மழைக்காலத்தில் ஏலமலைத் தோட்டத்திலிருந்து ஒரு சகோதரர் வந்து, நம் டிரஸ்ட் கொடுத்த சோலார் விளக்கு எரியவில்லை என்றார். கொடுத்துப் பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது. போய் மூடியைத் திறந்தால், தகடுகள் நீருக்கு மேலே காய்ந்து நின்றன. குறை அவருடையதல்ல. பேனலையும் பேட்டரியையும் கொடுத்த நாங்கள் பராமரிப்பைச் சொல்லிக் கொடுக்கவில்லை. நீங்கள் நம்பித் தந்த பணம் அது. ஆகவே இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

ஈயமும் கந்தக அமிலமும் கொண்ட இந்த பேட்டரியை 1859இல் பிரான்சு நாட்டு காஸ்டன் பிளாந்தே உருவாக்கினார். ஜீப்பிலும் இன்வெர்ட்டரிலும் பெரும்பாலும் இதே வகைதான். 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு அறைகள். சார்ஜும் லோடும் இல்லாமல் சில மணி நேரம் வைத்து மல்டிமீட்டரில் பார்த்தால், நிறைந்த பேட்டரி 12.6, 12.7 காட்டும். 12.2 என்றால் பாதி தீர்ந்தது. 11.8 என்றால் ஏறக்குறைய காலி. மின்சாரம் இறங்கும்போது தகடுகளில் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். பல நாள் அப்படியே கிடந்தால் கெட்டிப்பட்டுவிடும், பிறகு கரையாது. பேட்டரி சாவது பெரும்பாலும் இப்படித்தான். கரையில் கட்டிக்கிடக்கும் சிறு பாய்மரப் படகின் பேட்டரிக்கும் இதே கதிதான் என்பதால், அதன் மேல் சின்னதாக ஒரு பேனலைப் பொருத்தி வைப்பார்கள்.

நம் மலையில் இன்னொரு சங்கடம். ஏலம் நிழல் கேட்கும் பயிர். பேனலுக்கோ நிழலே ஆகாது. உள்ளே இருக்கும் சில்லுகள் சங்கிலியாக இணைந்தவை, ஒரு மூலையில் கிளை நிழல் விழுந்தாலும் மொத்த மின்சாரமும் வெகுவாகக் குறையும். காலை ஒன்பது முதல் மூன்று வரை வெயில் படும் இடத்தில், தெற்குப் பார்த்து, சற்றே சாய்த்து வையுங்கள்.

மூடுபனி நாட்களுக்கு ஒரு கணக்கு. 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 480 வாட்-மணி. பாதிக்கு மேல் எடுக்கக்கூடாது, ஆக 240. 9 வாட் பல்பு இரண்டு, ஐந்து மணி நேரம் எரிந்தால் இரவுக்கு 90. வெயிலே இல்லாமல் இரண்டு இரவு தாங்கும். மூன்றாம் இரவு ஒரு பல்பு போதும்.

மாதம் ஒருமுறை நீர்மட்டம் பாருங்கள். குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். காய்ச்சி வடித்த நீர் என்றதும் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஊற்றிய வீடுகள் உண்டு! அடுப்பில் காய்ச்சினால் உப்பு போகாது, அதிலேயே நிற்கும். ஆசிட்டும் ஊற்ற வேண்டாம். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்தால், மைனஸ் ஒயரை முதலில் கழற்றி, சமையல் சோடா கரைத்த நீரை மூடிக்குள் போகாமல் தொட்டுத் துடைத்து, காய்ந்த பின் வாசலின் தடவுங்கள். சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பற்றும். காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள், அருகே பீடி, தீக்குச்சி கூடாது.

மல்டிமீட்டர் ஒன்று டிரஸ்ட் அலுவலகத்தில் இருக்கிறது. மலைக்குப் போகிறவர்கள் கேட்டு வாங்கிச் செல்லலாம்.